சட்டத்தைத் திருத்த வைத்த குரல்



ஊரையும் உறவையும் விட்டு இத்தனை தொலைவு வந்தும் தமிழை விடாத இந்தச் சங்கத்தில், நாட்டின் பிரச்சினைகளுக்காக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்த ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். 1962-ல் மாநிலங்களவையில் அண்ணா ஆற்றிய கன்னிப்பேச்சைப் பற்றி இங்கே பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அவ்வளவாகப் பேசப்படாத ஒருவரை நான் தேர்ந்தெடுத்தேன். நான் பரங்கிப்பேட்டைக்காரன். எங்கள் ஊரிலிருந்து சிதம்பரம் போய், அங்கிருந்து வீராணம் ஏரிப் பக்கம் போனால் காட்டுமன்னார்கோயில். அந்த மண்ணில் 1924-ல் பிறந்த எல். இளையபெருமாள் அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயரே தெரியாமல் போய்விடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், 1952-ல், கடலூர் தொகுதியிலிருந்து காங்கிரஸ் உறுப்பினராக அவர் மக்களவைக்குப் போனார். அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அன்று கடலூரைப் போன்ற சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள் உண்டு. ஓர் இடம் பொது, ஓர் இடம் தாழ்த்தப்பட்டோருக்கு. தொகுதி முழுவதும் சேர்ந்து இருவரையும் தேர்ந்தெடுக்கும். 1961-ல் அந்த முறை சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. 1957-ல் சிதம்பரம், 1962-ல் திருக்கோவிலூர் என மொத்தம் பதினைந்து ஆண்டுகள் அவர் மக்களவையில் இருந்தார்.

இந்தத் தேர்தல் வெற்றிகளுக்கு முன்பே சிதம்பரத்தில் ஒருவர் நிலத்தைப் பண்படுத்தி வைத்திருந்தார். சுவாமி சகஜானந்தா 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, கோயில் வாசலில் நிற்க வைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாசலைத் திறந்துவிட்டார். சென்னைச் சட்டமன்றத்திலும் பல ஆண்டுகள் அவர்களுக்காகப் பேசினார். சகஜானந்தா சென்னையில் எழுப்பிய குரலை இளையபெருமாள் டெல்லிக்குக் கொண்டு போனார்.

தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு 1950-லேயே சொல்லிவிட்டது. அதற்கு வலு சேர்க்க 1955-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது. அது நிறைவேறியபோது இளையபெருமாள் மக்களவை உறுப்பினர். சட்டம் வந்துவிட்டது, ஊர் மாறிவிட்டதா?

ஒரு டீக்கடையை நினைத்துப் பாருங்கள். சேரிக்காரருக்குத் தனி டம்ளர். ஒருவர் துணிந்து போலீசில் புகார் கொடுக்கிறார். சட்டப்படி அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது ஐந்நூறு ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று கிடையாது. சின்ன அபராதத்தைக் கட்டிவிட்டுக் கடைக்காரர் அன்று மாலையே கல்லாவில் உட்கார்ந்துவிடலாம். அதற்கும் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் வந்து, "போனது போகட்டும், ராசியாப் போயிடுங்கப்பா" என்பார்கள். வழக்கை ராசி செய்து முடிக்க அன்றைய சட்டமே இடம் கொடுத்தது. நாளைக்கு வயலில் கூலி வேலை யார் கொடுப்பார் என்று நினைத்துப் புகார் கொடுத்தவர் தலையசைப்பார். கிராமத்தில் பிறந்த எவருக்கும் இது புரியும். டெல்லியில் சட்டம் எழுதியவர்களுக்குப் புரிய வைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

1965 ஏப்ரலில் மத்திய அரசு, தாழ்த்தப்பட்டோரின் மீதான தீண்டாமையையும் அவர்களின் பொருளாதார, கல்வி நிலையையும் ஆராய ஒரு குழு அமைத்து, இளையபெருமாளைத் தலைவராக்கியது. 1967-க்குப் பிறகு அவர் மக்களவையில் இல்லை. ஆனாலும் குழுவின் வேலையை விடவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கொள்ளிடத்துக்குத் தெற்கே கீழ்வெண்மணியில் தாழ்த்தப்பட்ட மக்கள் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். ஐந்து வாரங்கள் கழித்து, 1969 ஜனவரி 30-ல், காந்தியடிகளின் நினைவு நாளில், குழுவின் அறிக்கை அரசிடம் போய்ச் சேர்ந்தது. நாடு முழுவதும் தீண்டாமை எப்படியெல்லாம் உயிரோடு இருக்கிறது என்பதை அந்த அறிக்கை ஊர் ஊராக எடுத்துக் காட்டியது. தன் கட்சி ஆண்ட காலத்தில், அந்த ஆட்சியே அமைத்த குழுவில் இருந்துகொண்டு, நிலைமையை உள்ளது உள்ளபடி எழுதினார் அவர். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அரசியல் தெரிந்தவர்கள் அறிவீர்கள்.

அறிக்கை தூசி படிந்து கிடக்கவில்லை. பரம்பரை அர்ச்சகர் முறை ஒழிய வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. தமிழகத்தில் கலைஞர் அரசு 1970-ல் அறநிலையத்துறைச் சட்டத்தைத் திருத்தியபோது இந்தப் பரிந்துரையைத்தான் காரணமாகக் காட்டியது. 1972-ல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்றது. ஆனால் ஆகம விதிகளை ஓர் எல்லையாக வைத்தது. பயிற்சி பெற்ற பல்வேறு சாதியினர் 2021 ஆகஸ்டில் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டபோது, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அந்தப் பக்கங்கள்தாம் என் நினைவுக்கு வந்தன.

அறிக்கை கிளப்பிய கோபம் மராத்தி மண்ணையும் எட்டியது. 1972-ல் மும்பையில் இளைஞர்கள் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கியதற்கு, இளையபெருமாள் குழு சொன்ன உண்மைகளும் அப்போது மத்திய அரசு காட்டிய மெத்தனமும் ஒரு காரணம். காட்டுமன்னார்கோயில்காரர் ஒருவரின் உழைப்பு மும்பைச் சேரிகளில் பேசப்பட்டது என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.

குழுவின் பரிந்துரைகளின் தொடர்ச்சியாக 1976-ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமே திருத்தப்பட்டது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. குறைந்தது ஒரு மாதச் சிறை கட்டாயம். அதோடு அபராதமும் உண்டு. ராசி செய்துகொள்ளும் வழி அடைக்கப்பட்டது. புகாரை வேண்டுமென்றே விசாரிக்காமல் விடும் அரசு ஊழியரும் குற்றத்துக்கு உடந்தை என்று சட்டம் சொன்னது. டீக்கடைக்காரரும் ஊர்ப் பெரியவர்களும் தப்பித்துப் போன சந்துகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதைக் கவனியுங்கள்.

மக்கள் பிரதிநிதியின் பணியை அளக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். கைத்தட்டல் அன்றோடு போய்விடும். அவர் சொன்னதால் சட்டத்தில் எந்த வரி மாறியது, அந்த வரியால் எந்த ஏழைக்குத் தெம்பு வந்தது என்று பாருங்கள். இந்த அளவில் இளையபெருமாளுக்கு நிகரானவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 2005-ல் அவர் மறைந்தார். சிதம்பரத்தில் அவர் பெயரில் இன்று நூற்றாண்டு அரங்கம் நிற்கிறது.

அன்பர்களே, இது ஊரோடு முடிந்த கதை அல்ல. சாதி நம்மோடு விமானம் ஏறி வந்துவிட்டது. பிரிட்டனில் சமத்துவச் சட்டத்தில் சாதியைச் சேர்ப்பது பற்றிப் பிரபுக்கள் சபை 2013-ல் விவாதித்தது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் இரு அவைகளிலும் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். இனியும் இப்படிப்பட்ட விவாதங்கள் வரும். அப்போது தமிழர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள்?

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். இளையபெருமாள் குழுவின் அறிக்கை நம் நூலகத்தில் இருக்கட்டும்; இளைஞர்கள் அதைப் படித்து ஒரு கூட்டத்திலாவது விவாதிக்கட்டும். கடலூர், சிதம்பரம் பக்கத்திலிருந்து வந்த மூத்தவர்கள் தாங்கள் கண்ட தீண்டாமையைத் தயங்காமல் சொல்லட்டும். அதைப் பதிவு செய்து வையுங்கள். நீங்கள் வாழும் நாட்டின் நாடாளுமன்றமோ நகர மன்றமோ இதைப் பற்றிக் கருத்துக் கேட்டால், பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று இந்தச் சங்கம் எழுத்து மூலமாகச் சாட்சி சொல்லட்டும்.

ஒரு குழுவின் அறிக்கை ஒரு தேசத்தின் சட்டத்தை அசைத்திருக்கிறது. நீங்கள் எழுதும் ஒரு மனுவுக்கும் அந்த வலிமை உண்டு. அடுத்த ஆண்டு விழாவுக்குள் அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.