சூரியகாந்திச் சாகுபடி



உறைபனி காணாத நம் திருப்பூர் ஜில்லாவில் சூரியகாந்தியை மானாவாரியாக ஆடியிலும் கார்த்திகையிலும், இறவையாக மார்கழியிலும் சித்திரையிலும் விதைக்கலாம். 1969-ஆம் வருஷம் ருஷிய ரகங்கள் வந்த பின்னரே இது நம் தேசத்தில் எண்ணெய்ப் பயிராக வேரூன்றிற்று. சுமார் 90 தினங்களில் அறுவடையாகும். வீரிய ஒட்டு ரகங்களுக்கு வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

பூ பெரிதாயிருந்தும் விதை பொக்காய்ப் போவதே குடியானவருக்குப் பெருநஷ்டம். மகரந்தச் சேர்க்கை குறைவதே இதற்கு முக்கிய காரணம். பூக்கும் பருவத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள், காலை 9 மணி முதல் 11 மணிக்குள், மெல்லிய துணியால் பூக்களை ஒவ்வொன்றாக இலேசாகத் தேய்த்து வரவேண்டும். பனியன் கம்பெனிகளில் கழிக்கும் மிருதுவான துண்டுத்துணியே இதற்குப் போதும். தேனீயோ இவ்வேலையைக் கூலியின்றிச் செய்யும். ஏக்கருக்கு இரண்டு பெட்டிகள் வைப்பது நலம். அச்சமயம் பூச்சிமருந்து தெளிப்பவர் தம் மகசூலையே கெடுத்துக்கொள்கிறார்.

தனியொரு காட்டில் விதைத்தால் கிளிக்கூட்டம் அதன்மீதே விழும். ஆகையால் ஊரார் ஒரே பட்டத்தில் சேர்ந்து விதையுங்கள். தேனீப் பெட்டிகளைச் சங்கத்தின் மூலம் பொதுவில் வாங்குங்கள். பூவின் பின்புறம் மஞ்சளானதும் அறுத்து, அடுத்த போகம் அந்நிலத்தில் பயறு விதையுங்கள். ஒருவர் காட்டுத் தேனீ அடுத்தவர் காட்டையும் விளைவிக்கும். ஐக்கியத்தின் பயன் அதுவே.