விரிதாளும் தமிழ்ச் சொற்பட்டியலும்



மொழியியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் மேடையேறினால் இலக்கணத்தையோ அகராதியையோ பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளோ விரிதாள். கணக்கருக்கு உரிய கருவியைப் பற்றி மொழியியலார் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் தமிழ்ப்பள்ளியின் மாணவர் பதிவேடு, ஆலயத்தின் நன்கொடையாளர் பட்டியல், சங்கத்தின் சந்தாக் கணக்கு, திருமண அழைப்புப் பட்டியல் ஆகியவை இன்று பெரும்பாலும் விரிதாளில்தான் இருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்த்தால் எண்களைவிடப் பெயர்களும் ஊர்களும் சொற்களுமே மிகுதி. எண்களுக்காகப் பிறந்த கருவியிடம் நம் சொற்களை ஒப்படைத்திருக்கிறோம். அந்த ஒப்படைப்பில் எங்கே கவனம் வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

கருவியின் பிறப்பு

கணினி விரிதாள்களில் முதன்முதலாகப் பரவலான புகழ் பெற்றது, 1979ஆம் ஆண்டில் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்த விசிகால்க். அதை உருவாக்கியவர்கள் டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகிய இருவர். பிரிக்ளின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்தார். கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்து எழுத வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையிலிருந்து பிறந்ததே இக்கருவி. அடுத்து 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்கு எக்செல் வந்தது.

இதன் நன்மையை அகராதிப் பணி செய்தவர்கள் நன்கு அறிவார்கள். சொல்லுக்கு ஒரு சீட்டாக எழுதி, பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்த காலத்தில், ஒரே ஊரிலிருந்து வந்த சொற்களை மட்டும் பிரித்தெடுக்க நாள் கணக்கில் உட்கார வேண்டும். விரிதாளில் அதே வேலை நொடியில் முடிகிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் பயிலக்கூடிய கருவி இது. இந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று.

எங்கள் பட்டியலுக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் சேர்ந்து பேராக், சிலாங்கூர் மாநிலங்களின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரிடம் சொற்களைத் திரட்டினோம். கித்தாக்காடு, பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், ஆயாக்கொட்டகை போன்ற சொற்கள் அவர்கள் நாவில் உயிரோடு இருந்தன. தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட நிலையில் இச்சொற்களுக்கு வேறு இருப்பிடம் இல்லை. வட்டார வழக்கு ஆய்வில் சொல் மட்டும் போதாது. யார் சொன்னார், எந்தத் தோட்டத்தில் வளர்ந்தவர், அவருக்கு வயது என்ன என்பவையே அச்சொல்லுக்குச் சான்று.

விரிதாளின் இடப்பக்கம் சொல்லையும் பொருளையும் இட்டோம். வலப்பக்கம் சொன்னவர், தோட்டம், நாள் ஆகியவற்றை இட்டோம். பார்வைக்குத் தெளிவாக இருக்கட்டும் என்று நடுவே ஒரு நெடுவரிசையை வெறுமையாக விட்டோம். ஒரு நாள் மாலை, சொற்களை அகரவரிசைப்படுத்துமாறு கட்டளையிட்டோம். வெற்று நெடுவரிசை வந்ததும் அட்டவணை அங்கே முடிந்துவிட்டதாக மென்பொருள் எடுத்துக்கொண்டது. இடப்பக்கம் மட்டும் வரிசை மாறிற்று, வலப்பக்கம் அசையவில்லை. எச்சரிக்கை எதுவும் தோன்றவில்லை. கோப்பைச் சேமித்து மூடிவிட்டு வீடு திரும்பினோம்.

பிழை ஐந்து மாதங்கள் கழித்தே தெரிந்தது. மேட்டுநிலத் தோட்டத்தை விட்டு வெளியே வாழ்ந்தறியாத மூதாட்டி ஒருவரின் பெயருக்கு நேரே மீனவர் வழக்குச் சொல் ஒன்று நின்றது. பதறிப் பார்த்தபோது பட்டியலில் ஒரு சொல்கூடச் சொன்னவரிடம் இல்லை என்பது விளங்கிற்று. கைக்குறிப்பேடுகளைக் கொண்டு பெரும்பகுதியை மீட்டோம். ஆனால் கடைசி இரண்டு வாரங்களில் திரட்டியவற்றைக் குறிப்பேட்டில் எழுதாமல் நேரே கணினியில் தட்டச்சு செய்திருந்தோம். மீண்டும் சென்று கேட்கலாம் என்று புறப்பட்டோம். சிலரைக் கண்டோம். அந்த மூதாட்டி அதற்குள் காலமாகிவிட்டார்.

மென்பொருளைக் குறை சொல்வது எளிது. வெற்று நெடுவரிசை விட்டவர்களும் படி எடுத்து வைக்காதவர்களும் நாங்களே. எனினும் இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைக் கற்பித்தது. ஒரு கிடைவரிசையில் உள்ளவை ஒன்றோடொன்று உறவுடையவை என்பது நமக்குத் தெரியும், விரிதாளுக்குத் தெரியாது. அதன் பார்வையில் ஒவ்வொரு கட்டமும் தனித்தனி.

ஊகிக்கும் கருவி

இரண்டாவது இடர், நாம் எழுதுவது இன்னது என்று விரிதாள் தானே ஊகித்து முடிவு செய்வது. மூன்றாம் குறிப்பேட்டின் பன்னிரண்டாம் பக்கம் என்பதைக் குறிக்க 3-12 என்று இட்டால், அதை அது தேதியாக்கிவிடும். நம் நாட்டு அமைப்பில் அது டிசம்பர் 3. அமெரிக்க அமைப்பில் மார்ச் 12. பிறகு அக்கட்டத்தை உரை வடிவத்திற்கு மாற்றினாலும் 3-12 திரும்பி வராது. ஐந்து இலக்க எண் ஒன்றே தோன்றும். எக்செல் 1900 சனவரி முதல் நாளை 1 எனக் கொண்டு நாள்களை எண்ணி வைப்பதே அதற்குக் காரணம்.

அலோர் ஸ்டாரின் அஞ்சல் குறியீடு 05000. சாதாரணக் கட்டத்தில் இட்டால் 5000 என்று நிற்கும். 2000 முதல் 2009 வரை பிறந்தோரின் அடையாள அட்டை எண் சுழியத்தில் தொடங்குகிறது, அச்சுழியமும் மறைந்துவிடும். பதினாறு இலக்க எண்ணை இட்டால் பதினைந்து இலக்கங்களுக்கு மேல் எக்செல் காப்பதில்லை. கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். இவையெல்லாம் எண்களைப் போலத் தோன்றும் பெயர்கள். அவற்றைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை. எண் வேறு, எண்ணால் ஆன பெயர் வேறு என்ற வேறுபாட்டைக் கருவி அறியாது. நாமே சொல்ல வேண்டும்.

இது நம்மைப் போன்றோர்க்கு மட்டும் நேரும் இடரன்று. மரபணுக்களுக்கு மார்ச்1, செப்ட்1 என்பன போன்ற குறுக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதிகளாக்கிவந்தது. எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இப்பிழை இருப்பதாக 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. கடைசியில் 2020இல் மரபணுப் பெயரீட்டுக் குழு அத்தகைய பெயர்களையே மாற்றிவிட்டதை அறிவித்தது. கருவி திருந்தும் முன் அறிவியலின் சொற்கள் மாற வேண்டியிருந்தன. தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி 2023இல்தான் எக்செல்லுக்கு வந்தது. அதே 2020இல் இங்கிலாந்தில் கோவிட் தொற்றுற்றோர் 15,841 பேர் நாளறிக்கைகளில் விடுபட்டனர். பழைய கோப்பு வடிவம் 65,536 கிடைவரிசைகளுக்கு மேல் ஏற்காது என்பதை யாரும் கவனிக்கவில்லை. புதிய வடிவம் 1,048,576 கிடைவரிசைகளை ஏற்கும்.

தமிழ் எழுத்தும் விரிதாளும்

மூன்றாவது, தமிழுக்கே உரிய இடர்கள். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்பதைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் சொல்லும். எழுத்தெண்ணும் ‘லென்’ சூத்திரம் ஐந்து என்று விடை தரும். உயிர்க்குறியையும் புள்ளியையும் யூனிகோடு தனித்தனி இடங்களில் வைத்திருப்பதால் அவற்றையும் அது எண்ணுகிறது. ‘சிங்கப்பூர்’ என்பதில் நமக்கு ஆறு எழுத்து, அதற்குப் பதினொன்று. ‘கொடி’ என்பதன் முதலெழுத்தைக் கேட்டால் ‘க’ என்றே தரும்.

அகரவரிசையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. யூனிகோடு எண்வரிசையில் னகரம் பகரத்திற்கு முன்னும், றகரம் ரகரத்தை அடுத்தும் இருக்கின்றன. புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னே இருக்கிறது. அவ்வெண்வரிசையையே பின்பற்றினால் ‘அகம்’ முன்னும் ‘அக்கா’ பின்னும் வரும். நம் அகராதி மரபில் ‘அக்கா’ முன்னே வர வேண்டும். ‘ஔவை’ என்பதை ஒருவர் ஔகாரத்தால் எழுதுகிறார். இன்னொருவர் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து ‘ஒளவை’ என்று தட்டச்சு செய்கிறார். கண்ணுக்கு ஒன்றுபோல் இருப்பினும் விரிதாள் இரண்டு சொல்லாகவே எண்ணும். இதனால் ஒரு நன்கொடையாளர் இருவராகலாம். ஒரு மாணவியின் பெயர் தேடியும் அகப்படாமல் போகலாம்.

மாற்றுகள்

எல்லாப் பணிக்கும் ஒரே கருவி என்பது தேவையில்லை. லிப்ரே ஆபிஸ் தொகுப்பின் கால்க் கட்டணமின்றிக் கிடைக்கிறது. வரிசைப்படுத்தும்போது எந்த மொழியின் வரிசை வேண்டும் என்று தெரிவுசெய்ய அதில் இடமுண்டு. தமிழ்ப் பட்டியல் வைத்திருப்போர்க்கு இது பெரிய வசதி. கூகுள் ஷீட்ஸில் பலர் ஒரே நேரத்தில் எழுதலாம். முந்தைய நிலைகளுக்குத் திரும்பிச் செல்லலாம். அத்தகைய வசதியை நாங்கள் அன்று பயன்படுத்தியிருந்தால் எங்கள் பட்டியலை மீட்டிருப்போம். ஆனால் உறுப்பினரின் அடையாள எண் போன்றவற்றை இணையத்தில் வைப்பதற்கு முன், யார் பார்க்கலாம் என்பதை வரையறுக்க வேண்டும்.

அகராதிப் பணிக்கு விரிதாளே பொருத்தமன்று என்பது எங்கள் முடிவு. ஒரு சொல்லுக்குப் பொருள் ஐந்து இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டும் சொன்னவரும் வேறுபடுவர். தட்டையான அட்டவணை இதைத் தாங்காது. எஸ்ஐஎல் நிறுவனம் இலவசமாக வழங்கும் ஃபீல்ட்வொர்க்ஸ் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே அமைந்தவை.

விரிதாளையே பயன்படுத்துவோர்க்குச் சில நெறிகளைச் சொல்லலாம். முதலாவது, ஒவ்வொரு கிடைவரிசைக்கும் தொடரெண் இடுங்கள். அட்டவணை முழுவதும் ஒன்றாக நகர்ந்திருக்கும்வரை, பழைய வரிசைக்குத் திரும்ப அதுவே வழி. இரண்டாவது, அட்டவணையின் நடுவே வெற்று நெடுவரிசை விடாதீர்கள். மூன்றாவது, தட்டச்சு செய்யும் முன்பே தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, அடையாள எண் ஆகிய நெடுவரிசைகளை உரை வடிவத்திற்கு மாற்றுங்கள். நான்காவது, ஒரு கட்டத்தில் ஒரு செய்தி மட்டும் இடுங்கள்; நிறத்தால் மட்டும் ஒன்றைக் குறிக்காதீர்கள். ஐந்தாவது, தமிழ்ச் சொற்கள் உள்ள சிஎஸ்வி கோப்பை நேரே சொடுக்கித் திறவாமல், இறக்குமதி வழியாக யூடிஎஃப்-8 என்று தெரிவுசெய்து திறவுங்கள். இல்லையேல் எழுத்துகள் சிதைந்து தோன்றக்கூடும். ஆறாவது, முதற்படியைத் தொடாமல் தனியே வையுங்கள். தாளிலும் ஒரு படி இருக்கட்டும்.

அன்பர்களே, இவையெல்லாம் சிறிய பழக்கங்கள். ஆயினும் சொன்னவரையும் ஊரையும் இழந்த சொல், சான்று இல்லாத சொல்லாகிவிடுகிறது. நாங்கள் மீட்க இயலாத சொற்களைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. ஊகித்து நிரப்பவும் இல்லை. சொன்னவர், தோட்டம் என்னும் கட்டங்களை வெறுமையாகவே வைத்திருக்கிறோம். அப்பட்டியலைத் தாளில் அச்சிட்டு வாயிலருகே மேசையில் வைத்துள்ளோம். உங்களில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். அவற்றுள் ஏதேனும் ஒரு சொல்லை உங்கள் தாயோ பாட்டியோ சொல்லக் கேட்டிருந்தால், அதன் எதிரே அவர் பெயரையும் ஊரையும் எழுதிச் செல்லுமாறு வேண்டுகிறோம். பேனாவும் அங்கேயே இருக்கிறது.