றேடியோவோடு ஒரு நாள்

(ஐக்கிய இராச்சியக் கிளையின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தம், பிறஷர் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். சாப்பாட்டுக்கு முன் அது வேண்டாம். நான் றேடியோ பற்றிப் பேசப்போகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் எங்கள் வீட்டு றேடியோ பேசியது. இரவு ஒன்பதே காலுக்கு பிபிசி தமிழோசை. நானும் தம்பியும் முறை வைத்துச் சுற்றுவோம். கை சோர்ந்தால் லண்டனும் சோர்ந்துவிடும். உடனே ஐயா, "சுத்து பிள்ளை, சுத்து" என்பார். அரை மணித்தியாலம் முடிந்ததும் நிற்பாட்டிவிடுவோம். றேடியோ என்றால் எனக்கு அவ்வளவுதான்: எங்கே குண்டு விழுந்தது, யார் என்ன அறிக்கை விட்டார், முடிந்தது.

அப்படி வளர்ந்தவள் இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து, வைத்தியசாலை விடுதி அறையில் முதன்முதலாக பிபிசி றேடியோ 4 ஐப் போட்டபோது ஒன்றும் விளங்கவில்லை. ஆங்கிலம் விளங்கியது. ஏன் இதையெல்லாம் பேசுகிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. பாட்டு இல்லை, விளம்பரம் இல்லை, விடிய எழும்பியதிலிருந்து நடுச்சாமம் தாண்டும்வரை பேச்சு, பேச்சு, பேச்சு.

1967 செப்டம்பர் 30 இல் இந்தப் பெயர் வந்தது. அதற்கு முன் ஹோம் சேர்விஸ். நேர அட்டவணை அவ்வப்போது மாறும். நான் கேட்டுப் பழகிய ஒழுங்கைச் சொல்கிறேன். விடியப்புறம் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. பிரித்தானியாவைச் சுற்றிய கடலை 31 பகுதிகளாகப் பிரித்து, டொகர், ஃபிஷர், ஜேர்மன் பைட் என்று வரிசை மாறாமல் வாசிப்பார்கள். மொத்தம் 350 சொற்களுக்குள் முடிக்கவேண்டும் என்பது கட்டுப்பாடு. படகே இல்லாத ஆட்கள் கட்டிலில் கிடந்தபடி இதைக் கேட்கிறார்கள் என்று அறிந்தபோது சிரித்தேன். பிறகு இரவுக் கடமை முடிந்து வந்து நானும் கேட்கத் தொடங்கினேன். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக என்று எங்கள் ஊர் வானொலி வாசித்த கடல் அறிக்கையின் அதே நிதானம். இருட்டில் யாரோ ஒருவர் காற்றின் திசையைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்ற ஆறுதல்.

அதன்பின் கமக்காரருக்கான செய்தி. ஆறு மணியிலிருந்து மூன்று மணித்தியாலம், அமைச்சர்மாரை விடாமல் குறுக்குக்கேள்வி கேட்கும் 'டுடே'. வியாழக்கிழமை என்றால் ஒன்பது மணிக்கு 1998 இல் தொடங்கிய 'இன் அவர் ரைம்': மூன்று பேராசிரியர்கள், ஒரே விடயம், ஒரு கிழமை கணிதம், மறு கிழமை ஏதோ பழைய பேரரசு. பத்து மணிக்கு 'வுமன்ஸ் அவர்'. 1946 இல் பெண்களுக்கென்று தொடங்கிய இந்த நிகழ்ச்சியை முதலில் நடத்தியவர் ஒரு ஆண் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஆனால் மாதவிடாய் நிற்கும் காலத்து அவதியை எந்த வெட்கமும் இல்லாமல் காலை பத்து மணிக்கு நாடு முழுவதற்கும் பேசியதும் அதே நிகழ்ச்சிதான். பார்வை குறைந்தவர்களுக்கென்று 1961 முதல் நடக்கும் 'இன் ரச்' ஐ, கண் மங்கிவரும் என் நோயாளர்களுக்கு நான் மருந்துச் சிட்டையோடு சேர்த்துச் சொல்வதுண்டு. மாலை ஆறு மணிக்கு பிக் பென் மணியை நேரடியாகக் கேட்கலாம்.

ஏழு மணிக்கு 'த ஆர்ச்சர்ஸ்'. இதில்தான் நான் கொஞ்சம் நிற்கவேண்டும்.

இது ஒரு கிராமத்து நாடகம். 1951 ஜனவரி 1 இல் நாடு முழுவதற்கும் ஒலிபரப்பத் தொடங்கினார்கள். யுத்தத்துக்குப் பிந்திய பங்கீட்டுக் காலம். கமக்காரருக்கு விளைச்சலைக் கூட்டும் வழிகளைக் கதையோடு சேர்த்துச் சொல்வது அன்றைய நோக்கம். ஒரு அங்கம் பதின்மூன்று நிமிடம் அளவில். மாடு கன்று போடும், தேவாலயத்தில் பூ அலங்கரிப்பார்கள், அவ்வளவுதான். வீடு திரும்பும் காரில் அரைக் காதால் கேட்பேன்.

அதில் ஹெலன் என்ற பெண்ணுக்கு றொப் என்ற ஒருவர் வந்து சேர்ந்தார். மிக அன்பானவர். இந்த உடுப்பு உனக்கு வடிவில்லை என்றார். நீ களைத்துவிட்டாய், கார் ஓட்டாதே என்றார். சிநேகிதிகள் வருவது குறைந்தது. உனக்கு மறதி கூடிவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஹெலனும் நம்பத் தொடங்கினாள். இதை இரண்டரை வருடம் இழுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஏன் இவ்வளவு மெதுவாக? பிறகுதான் விளங்கியது, வீடுகளில் அது அந்த வேகத்தில்தான் நடக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கே, இது கொடுமை என்று எந்த நாளில் தெரிந்தது என்று சொல்லமுடியவில்லை.

2015 டிசம்பரில் இங்கிலாந்திலும் வேல்சிலும், கைநீட்டாமலே துணையை இப்படி அடக்கி ஆள்வது குற்றம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016 ஏப்ரலில் ஹெலன் றொப்பைக் கத்தியால் குத்தினாள். செப்டம்பரில் வழக்கு, தீர்ப்புக்காக ஒரு மணித்தியால அங்கம், விடுதலை. கற்பனைப் பெண் ஒருத்தியின் பெயரில் கேட்டவர்கள் நிதி சேர்த்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அமைப்புக்கு ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் கொடுத்தார்கள்.

அந்த வருடம் என் அறைக்குத் தலையிடிக்கு வந்த ஒரு ஆங்கிலேயப் பெண், கதவுப் பிடியில் கை வைத்தபடி திரும்பி, "டொக்டர், நீங்கள் ஆர்ச்சர்ஸ் கேட்பீர்களா?" என்றார். "கேட்பேன், இருங்கோ" என்றேன். அன்று பின்னால் காத்திருந்தவர்கள் எல்லோரும் முக்கால் மணித்தியாலம் பிந்தினார்கள்.

இன்னொருவர் எங்கள் பெண். அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். நித்திரை இல்லை, நெஞ்சுப் படபடப்பு என்று பலமுறை வந்தவர். கணவர் எப்போதும் கூட வருவார். நான் தமிழில் கேட்டாலும் அவர்தான் பதில் சொல்வார். இரத்தம் எடுக்கவேண்டும் என்று ஒருநாள் தனியே அழைத்தேன். "வீட்டில் ஏதும் பிரச்சினையோ?" என்றேன். "அவர் என்னை அடிக்கிறேல்லை டொக்டர். ஒரு குறையும் இல்லை" என்றார்.

எனக்கு அடுத்த கேள்வி வரவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு இப்போது சொல் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. தமிழில் எங்களிடம் இருப்பது அடித்தாரா, குடித்தாரா, இரண்டே கேள்விகள். மூன்றாவது கேள்வியை எந்தச் சொல்லால் கேட்பது? எங்கள் பாடசாலையில் பேச்சுப்போட்டியில் முதற்பரிசு வாங்கியவள் நான், வாயடைத்து நின்றேன்.

ஆகவே கதையைச் சொன்னேன். "இஞ்ச றேடியோவில ஒரு நாடகம் போனது..." உடுப்பு, கார், சிநேகிதிகள், மறதி. ஐந்து நிமிடம் இருக்கும். அவர் பஞ்சைக் கையில் அழுத்திப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்தபின் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அவவின்ர காசு ஆரிட்டை இருந்தது, டொக்டர்?"

அடுத்த முறை அவர் தனியாக வந்தார்.