அலைவரிசை கைமாறும்போது



சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் பேசுகிறவர் அலைவரிசை என்ற இன்றைய பொருளைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. குன்றின் உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம் நிற்கிறது. 1942இல் ஜப்பானியர் போர்க்கைதிகளைக் கொண்டு நினைவுச்சின்னம் எழுப்பிய இடம் அது. ஏறிச் செல்லும் 120 படிகள் இன்றும் உள்ளன. ஆக்கிரமித்தவர்களின் சின்னம் நின்ற இடத்திலிருந்து மக்களின் வீடுகளுக்குச் செய்தியும் பாட்டும் போகின்றன.

தொலைக்காட்சி பயன்படுத்திவந்த அலைவரிசையில் ஒரு பகுதி இப்போது கைத்தொலைபேசி நிறுவனங்களிடம் இருக்கிறது. அனலாக் முறையில் ஓர் ஒளிவழி பிடித்துக்கொள்ளும் இடத்தில், டிஜிட்டலில் பல ஒளிவழிகள் அடங்கும். 2013 டிசம்பரில் தமிழ் ஒளிவழியான வசந்தம் உள்ளிட்ட மீடியாகார்ப் ஒளிவழிகள் டிஜிட்டலுக்கு வந்தன. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை விடுவிக்க வழி பிறந்தது. அந்தப் பட்டையின் அலைகள் நெடுந்தூரம் செல்லும். கான்கிரீட் சுவரைத் தாண்டி மின்தூக்கிக்குள்ளும் நுழையும். 2017 ஏப்ரலில் நடந்த அலைவரிசை ஏலத்தில், பிற பட்டைகளும் சேர்ந்து, ஏறத்தாழ 114 கோடி சிங்கப்பூர் வெள்ளி திரண்டது.

தொகை பெரிதுதான். ஆனால், பொதுச்சொத்து கைமாறும்போது முதலில் கேட்க வேண்டியது, யார் இடம்பெயர்கிறார்கள் என்பதே. இங்கே இடம்பெயர்ந்தவர், பழைய பெட்டியில் தமிழ்ச் செய்தி பார்த்துவந்த முதியவர். 2017 இறுதியில் நிறுத்துவதாக இருந்த அனலாக் ஒளிபரப்பு ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) குடும்பங்கள் செட்-டாப் பாக்ஸும் ஆன்டெனாவும் பெற அரசு உதவியது. 2019 பிறந்த பிறகே பழைய அலை ஓய்ந்தது. பார்ப்பவர் முதலில், வாங்கியவர் பிறகு: அதுவே முறையான வரிசை.

விடுவித்த பட்டையைப் பயன்படுத்த அண்டை நாடுகளுக்காகவும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜொகூர் நீரிணையில் அலை நிற்பதில்லை. மலேசியா 2019 அக்டோபரில் அனலாக்கை முடித்தது. இந்தோனேசியா 2022இல்தான் பெருமளவில் நிறுத்தத் தொடங்கியது.

அலைவரிசையை வழங்க விலை மட்டுமே வழி என்பதுமில்லை. 2020இல் 5ஜி அலைவரிசையை ஏலமின்றி, திட்டங்களை ஒப்பிட்டு, 2025 இறுதிக்குள் நாடெங்கும் சேவை தர வேண்டும் என்ற கடமையோடு சிங்கப்பூர் வழங்கியது. ஏலமில்லா வழியில் விதிகள் வெளிப்படையாக இருப்பது உயிர்நாடி. இந்தியாவில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தன்னிச்சையாக வழங்கப்பட்ட 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்ததை நாம் மறக்கலாகாது.

அரசிடமிருந்து தனியாருக்குப் போவது அலைவரிசையின் உரிமைப் பத்திரம் அன்று. காலவரையறையும் கடமையும் கொண்ட பயன்பாட்டு அனுமதி. பயன்படுத்தாதவரிடமிருந்து திரும்பப் பெறும் துணிவு அரசுக்கு வேண்டும். நாளை வானொலிப் பண்பலைவரிசையைப் பற்றியும் இதே பேச்சு எழலாம். அன்று ஒலி 96.8 தமிழ் வானொலியைக் கேட்கும் நாம், முடிவு வந்தபின் முறையிடுபவர்களாக இல்லாமல், கலந்தாய்வின்போதே தமிழில் கருத்து எழுதி அனுப்புபவர்களாக இருக்க வேண்டும். அதற்கான பயிற்சியை நம் அமைப்புகள் இப்போதே தொடங்கட்டும்.