பத்து மணிச் சரம்



நமது நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு ஒன்று முடிந்து ஒலிவாங்கியைக் கழற்றும்போது, பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு தங்கை என்னருகே வந்தார். வயது 36. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். "கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே, பிறகு எதற்கு மாதா மாதம் வயிற்றில் ஊசி? மாமியார் நிறுத்தச் சொல்கிறார்" என்றார். நான் மருத்துவர் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை அவருக்குச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

மார்பகப் புற்றுநோய் எல்லாம் ஒரே வகையல்ல. நூற்றில் ஏறக்குறைய 70 கட்டிகள் ஹார்மோனை, குறிப்பாக ஈஸ்ட்ரோஜனை, உரமாகக் கொண்டு வளர்பவை. மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு அதை முக்கியமாகச் சுரப்பது சினைப்பை. சினைப்பைகளை அகற்றியதும் முற்றிய மார்பகப் புற்று சுருங்கியதை, ஜார்ஜ் பீட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1896-லேயே எழுதினார். ஆனால் வெட்டி எடுத்தால் எடுத்ததுதான். கத்தியில்லாமல் சினைப்பையை உறங்க வைக்க முடியுமா?

விடை மூளையில் இருந்தது. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குத் தூது அனுப்புகிறது. பிட்யூட்டரி சினைப்பையை வேலை வாங்குகிறது. அந்தத் தூது ஒரு பெப்டைடு. அமினோ அமிலம் எனும் மணிகள் பத்தே பத்து கோத்த சரம். லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளின் மூளைத் துணுக்குகளைத் திரட்டி, ஆண்ட்ரூ ஷாலியின் குழு 1971-இல் அதன் அமைப்பை அறிவித்தது. 1977-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இயற்கைத் தூது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். விஞ்ஞானிகள் பத்து மணிகளில் இரண்டை மாற்றி, எளிதில் சிதையாத கோசெரலின் மருந்தை உருவாக்கினார்கள். விழுங்கினால் வயிறு அதை உணவைப் போலச் செரித்துவிடும். ஆகவே 28 நாளைக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் சிறு குச்சி போல வைக்கிறார்கள். அது மெல்ல மெல்லக் கரைகிறது.

இயற்கைத் தூது விட்டு விட்டு வரும். மருந்தோ ஓயாமல் கதவைத் தட்டும். முதல் சில நாள்களில் ஹார்மோன் சற்று உயரும். பிறகு பிட்யூட்டரி செவிசாய்ப்பதை நிறுத்திவிடும். சினைப்பை உறங்கும், ஈஸ்ட்ரோஜன் குறையும். கட்டியை எடுத்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத புற்று அணுக்கள் உடலில் தங்கியிருக்கலாம். அவற்றுக்கு உரம் கிடைக்காமல் செய்வதே இந்த ஊசியின் வேலை.

சிரமங்களும் உண்டு. உடம்பு திடீரெனக் கொதிக்கும், மூட்டு வலிக்கும், எலும்பு தேயலாம். அவற்றை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக ஊசியை நிறுத்தாதீர்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் வேறு வழியில் உருவாவதால், சிகிச்சையும் வேறு.

மார்பகப் புற்று என்று அறிக்கை வந்தால், "ஹார்மோன் ஏற்பிப் பரிசோதனையில் என்ன முடிவு?" என்று கட்டாயம் கேளுங்கள். சிகிச்சையின் பாதை அந்த ஒரு வரியில் பிரிகிறது.

அந்தத் தங்கையிடம் கடைசியாக ஒன்று சொன்னேன்: "அடுத்த ஊசிக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போம்மா. மருத்துவர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்."