எங்கள் குடிசைக்குக் கதவே கிடையாதா?

(மரக்காணத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவும் அம்மாவும் உப்பளத்துக்குப் போயிருந்தார்கள். காக்கிச் சட்டைக்காரர்கள் நான்கு பேர் குடிசைக்குள் நுழைந்தார்கள். "கொக்கு புடிச்சீங்களாமே?" என்று கேட்டு, துணி மூட்டையையும் சோற்றுப் பானையையும் கொட்டிப் பார்த்தார்கள். கிடைத்தது, வரப்பில் பிடித்த இரண்டு எலி. பக்கத்திலிருந்த உப்பள முதலாளி வீட்டுக் கேட்டை அவர்கள் தட்டவே இல்லை. "ஏன் ஆயா உள்ள விட்ட?" என்று கேட்டேன். "நம்மள எவன்டா கேட்டான்?" என்றது ஆயா.

சட்டம் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 50ஆவது பிரிவு. ஒருவர் குற்றம் செய்தார் என நம்ப நியாயமான காரணம் இருந்தால், அவர் வசமுள்ள வீடு, நிலம், வண்டி, படகு எதிலும் வனத்துறை அதிகாரி வாரண்ட் இல்லாமல் சோதனையிடலாம். சாதாரண வழக்கில் போலீஸ் இப்படி நுழைந்தால், காரணத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். 50ஆவது பிரிவின் வாசகத்தில் அந்த வரி இல்லை. காரணம் எழுதப்படாத இடத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இருளர் என்பதே போதுமான சந்தேகமாகிவிடுகிறது.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 269 பேர் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தண்டனைத் தீர்ப்பு வர 2011 ஆனது. உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023இல்.

நம் கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமானது. 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். பூநாரைக்கு நாம் எதிரிகள் அல்ல. சரணாலயம் வந்தால் ரோந்தும் வரும். அந்த ரோந்து யார் வீட்டு வாசலில் நிற்கும் என்பதே நம் கேள்வி.

நாம் கேட்பது அதிகமில்லை. சோதனைக்கு முன் காரணத்தை எழுதுங்கள். ஊர்ச் சாட்சியோடு வாருங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெண் அதிகாரி இல்லாமல் வராதீர்கள். எடுத்த பொருளுக்குப் பட்டியல் கொடுங்கள்.

இதே சட்டத்தில் 53ஆவது பிரிவும் இருக்கிறது. தொல்லை கொடுப்பதற்காகத் தேவையின்றிப் பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறை. 50ஆவது பிரிவு அவர்களுக்கு மனப்பாடம். 53ஆவது பிரிவு நம் குடியிருப்புகளில் மனப்பாடமாக வேண்டும்.