பெண்களுக்கும் வேண்டும் போதை மீட்புச் சிகிச்சை
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போதை என்றதும் வாசுதேவநல்லூரில் நாம் அனைவரும் ஆண்களையே நினைக்கின்றோம். 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் மது அருந்துவோர் ஆண்களில் 27.3 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். எண்ணிக்கை குறைவுதான். அந்தக் குறைவே பெண்களுக்கு வினையாயிற்று. தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு இல்லங்களில் பெரும்பாலானவை ஆண்களுக்கெனவே நடைபெறுகின்றன.

மது மட்டுமன்று. மருத்துவர் என்றோ எழுதித் தந்த தூக்க மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குவோரும் உளர். அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். நெடுநாள் குடித்தவர் நிறுத்தினாலும் அவ்வாறே. எனவே, "அறையில் பூட்டினால் திருந்திவிடுவாள்" என வீட்டார் எண்ணுவது உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் மேற்பார்வையில் தங்கவைத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, அதன்பின் மன ஆலோசனை அளித்தல் வேண்டும்.

சென்னையில் திருமதி சாந்தி ரங்கநாதன், குடிப்பழக்கத்தால் கணவரை இழந்தபின், 1980-இல் டி.டி.ரங்கநாதன் பெயரில் அறக்கட்டளை நிறுவிச் சிகிச்சையைத் தொடங்கினார். 1992-இல் பத்மஸ்ரீ பெற்றார். நோயாளியோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை வழங்குவது அங்குள்ள முறை. கணவன் நோயுற்றால் மனைவி உடன் செல்கிறாள். மனைவி நோயுற்றால் உடன் செல்பவர் யார்? இக்கேள்வியை ஆண்களாகிய நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"பிள்ளையை யார் பார்ப்பது?" என்றே பல தாய்மார்கள் தயங்குகின்றனர். போதையால் வரும் மனநலப் பாதிப்பையும் உள்ளடக்கிய 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையிலுள்ள தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கலாகாது என்கிறது. கட்டாயமாகத் தலைமுடியை மழிப்பதையும் தடுக்கிறது. வளர்ந்த பிள்ளைகளுக்குச் சில வாரங்கள் சோறு போட நம் முஹல்லாவில் வீடுகளா இல்லை?

நிர்வாகத்திற்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுண்டு. இத்தகைய சகோதரிக்குப் பயணச் செலவு தந்தால், வரவு செலவு அறிக்கையில் "மருத்துவ உதவி" என்று மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம். இவ்வறிக்கையை ஊரே படிக்கிறது. குணமாகித் திரும்பியவளின் மகளுக்கு நாளை சம்பந்தம் பேச வேண்டியவர்களும் நாம்தாமே.

முதல் ஆலோசனைக்குப் பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 14446.